மூன்றாமவளின் வசனம்

நாடகக் குழுவில் அவளைக் காத்தக்கா என்பார்கள். பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் அமர்ந்து, மேடையில் நிற்பவர் வசனம் மறந்து விழிக்கும்போது அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பது அவள் தொழில். அவள் குரலில் ஒலி இராது; வெறும் மூச்சு. அது நடிப்பவர் செவியை எட்டும். முதல் வரிசையை எட்டாது.

"காத்து சொன்னா யோசிக்காதே, அப்படியே சொல்லிடு" என்பதுதான் குழுவில் புதிதாய்ச் சேர்வோர்க்கு முதற்பாடம். யோசிக்கும் நேரத்தில் காட்சி படுத்துவிடும். செவி வாங்கியதை வாய் விட்டுவிட வேண்டும். ஒருமுறை காத்தக்கா காலில் எறும்பு கடிக்க, "ஐயோ, சனியனே" என்று முணுமுணுத்தாள். அரியணையில் அமர்ந்திருந்த அரசர் தம் அமைச்சரைப் பார்த்துக் கம்பீரமாக, "ஐயோ, சனியனே!" என்றார். அரங்கம் கைதட்டியது.

மணம் செய்துகொள்ளாமலே தலை நரைத்தவள். அக்காவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா துணி தைத்துக் கொடுப்பாள்; நாடகம் பார்க்கக் கூப்பிட்டால், "வீட்லயே தினமும் உன் கூத்தைப் பாக்கறேனே, போதாதா?" என்பாள். அந்த அக்கா இந்த முறை தானாகவே கேட்டாள்.

"அந்த ஓவியர் நாடகத்துக்கு எனக்கு ஒரு சீட்டு கிடைக்குமாடி?"

பேர்பெற்ற ஓவியர் ஒருவரின் வாழ்வில் வந்த பெண்களைப் பற்றிய நாடகம் அது. மனைவி, மாணவி, அவர் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே அவர் தூரிகைக்கு முன் அமர்ந்தவள் என மூவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து தம் கதையைச் சொல்வார்கள். மூன்றாமவளுக்குப் பெயர்கூட இல்லை. ஓவியர் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது அவர் விரல் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று அவர் வீட்டார் சொன்ன செய்தி மட்டுமே அவளைப் பற்றி இருந்தது.

"இப்படியும் ஒரு நன்றிகெட்டவ இருப்பாளாக்கா!" என்று ஒத்திகை நாட்களில் சாப்பிடும்போது காத்தக்கா சொல்லிச் சிரித்திருக்கிறாள். அக்கா தட்டிலிருந்து தலை தூக்கியதில்லை.

மூன்றாமவளின் ஓவியத்தை ஓவியர் வீட்டார் இதுவரை வெளியே காட்டியதில்லை. நாடகத்துக்கென்று கொடுத்திருந்தார்கள். இயக்குநர் அதைத் துணியால் மூடியே வைத்திருந்தார். "முதல் நாள் மேடையிலதான் திறப்பேன். அப்பதான் நடிக்கிறவ முகத்துல அதிர்ச்சி நிஜமா வரும்" என்பது அவர் கணக்கு.

முதல் நாள் வந்தது. மூன்றாம் காட்சியில் துணி விலகியது.

அதிர்ந்தவள் காத்தக்கா.

படத்தில் ஒரு பெண் முதுகு காட்டி அமர்ந்திருந்தாள். கூந்தலை உச்சியில் முடிந்திருந்ததால் இடக்காது முழுதும் ஒளியில் இருந்தது. அதன் மடல் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. கைக்குழந்தையாய் இருந்தபோது, தன்னை இடுப்பில் சுமந்த அக்காவின் காது வளையத்தைப் பிடித்து இழுத்துக் காத்தக்காவே கிழித்த காது அது. அன்று முதல் முடியைத் தழையவிட்டு அக்கா மறைத்துவந்த காது.

மூச்சே பிழைப்பானவளுக்கு மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறேன் என்றல்லவா, வேலைக்கென்று வெளியூர் போயிருந்த அந்நாளில் அக்கா சொல்லியிருந்தாள்! திரையின் இடுக்கு வழியே பார்த்தாள். மூன்றாம் வரிசையில் அக்கா கைகளை மடியில் கோத்து, தீர்ப்புக்குக் காத்திருப்பவளைப் போல நிமிர்ந்து இருந்தாள். அடுத்த வரி அவளைத் திருடி என்று ஊரறியச் சொல்லப்போகிறது.

ஆனால் அக்கா ஓடிப்போனவள் அல்லவே! அம்மா சாகக் கிடக்கிறாள் என்று, அக்கா கொடுத்திருந்த முகவரிக்குத் தந்தியடித்து வரவழைத்தவள் காத்தக்காதான். மழையில் நனைந்து, வெறுங்கையோடு, வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாமல் அக்கா வாசலில் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருந்தது.

மேடையில் நடிகையும் அந்தக் காதைப் பார்த்துவிட்டாள். வசனம் பறந்துபோயிற்று. கண்கள் பக்கத்திரையைத் தேடின.

காத்தக்கா தன்னை மறந்து முணுமுணுத்தாள்: "அம்மா சாகக் கிடந்தா. நான்தான் கூப்பிட்டேன்."

"அம்மா சாகக் கிடந்தா. நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் நடிகை.

எதிர்ப்புறத் திரையோரம் நின்ற இயக்குநரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஆனால் நடிகை இன்னும் இவளையே பார்த்தாள். இப்போது வந்த வரி தவறி வந்ததன்று.

"வெறுங்கையோட வந்தா. அவ எதையும் எடுக்கலே."

நடிகை அதையும் சொன்னாள். அரங்கில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அக்கா மட்டும் அறை வாங்கியவள்போலத் தலை கவிழ்ந்தாள்.

திரை விழுந்ததும் இயக்குநர் பாய்ந்து வந்தார். "யார் எழுதின வசனம் அது?"

"எனக்கென்ன தெரியும்? காத்து அடிச்சுது, நான் ஆடினேன்" என்று நழுவினாள் நடிகை.

காத்தக்கா பின்வாசலுக்கு ஓடினாள். அக்கா அங்கே சுவரோரம் நின்றிருந்தாள்.

"அக்கா, உன்னைப் போய்த் திருடின்னு..."

"எடுத்தேன்டி."

"என்னது?"

"மோதிரத்தை எடுத்தேன். அந்த வீட்டை விட்டு வெளியே போனா வாசல்ல கையையும் மடியையும் சோதிப்பாங்க. வாய்க்குள்ள போட்டுக்கிட்டேன். பயத்துல வழியெல்லாம் துப்பவே இல்லே. நான் ஏன் பேசாம வந்து நின்னேன்னு நீ ஒருநாளும் கேக்கலையே? அம்மாவுக்கு மருந்து எங்கிருந்து வந்துதுன்னு நினைச்சே?"

அக்கா துக்கத்தில் ஊமையானாள் என்றுதான் காத்தக்கா அத்தனை வருடமும் நம்பியிருந்தாள். அடுத்த மழைக்காலம் வரை அம்மா உயிரோடிருந்தது அந்த மருந்தால்.

"என் வாயால சொல்லத் துணிவில்லே. யாரோ ஒருத்தி சபையில சொல்லட்டும், கேட்டுட்டாவது நிம்மதியாத் தூங்கலாம்னு வந்தேன். நீ அதையும் மூடி மறைச்சுட்டே. நாளைக்கு எழுதினபடியே எடுத்துக்கொடு."

"என் வாயால எப்படிக்கா?"

"நான் வாயில சுமந்துட்டே வந்தேன். நீ சொல்றதுக்கென்ன?"

மறுநாள் அதே இடத்தில் நடிகை மீண்டும் தடுமாறி நின்றாள். எந்த வரி வருமோ என்ற கிலி அவளுக்கு. எதிர்ப்புறத்தில் இயக்குநர் கையைப் பிசைந்தார். காத்தக்கா இடுக்கு வழியே பார்த்தாள். மூன்றாம் வரிசையில் அக்கா கூந்தலை உச்சியில் முடிந்துகொண்டு அமர்ந்திருந்தாள்.

மூச்சு வந்தது.

"மோதிரத்தை எடுத்தவள் நான்தான்."

நடிகையின் குரல் அதை அரங்கெங்கும் கொண்டுசென்றது. அக்காவின் பின்னிருக்கையில் இருந்தவர் படத்தைப் பார்த்தார். தமக்கு முன்னிருந்த காதைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.