சுண்ணாம்புகுளத்து இறாலும் அழையா விருந்தாளியும்

2003, மாசிக் கடைசி. காலை ஏழரைக்குச் செவ்வாப்பேட்டையில் மின்ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது மணி பத்தேகால். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் நின்றபடியே தூங்கினார்கள். என் பையில், சுண்ணாம்புகுளத்தில் இறால் வளர்க்கும் ரகீம் பாய்க்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த பரிசோதனையின் முடிவு இருந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் மதகைத் திறந்து, குட்டையை ஓடையில் வடித்துவிட்டு, மொத்த இறாலையும் பிடித்துவிடுவதாக இருந்தார் மனிதர். அந்த ஓடையிலிருந்துதான் எதிர்க்கரையில் அவர் தங்கை பாத்திமா தன் குட்டைக்குத் தண்ணீர் இறைக்கிறாள். போனில் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர்.

ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். "இறால் குட்டைக்கா மேடம்? அங்க இப்ப காக்காதான் ஜாஸ்தி கீது" என்றார் ஓட்டுநர். ஆலைப் புகை பின்தங்கி, சவுக்குத் தோப்பும் உப்புக்காற்றும் வந்தன.

அவர் சொன்னது சரிதான். கரை முழுக்கக் காகங்கள். ஒன்றுகூடக் கத்தவில்லை. வரிசையாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ரகீம் பாய் ஓரமாகக் குந்தித் தண்ணீருக்குள் கையை விட்டார். ஒரு டைகர் இறால் மெதுவாக நீந்தி வந்து அவர் விரலில் முட்டி நின்றது.

"கைய பாத்தா ஓடணும் மேடம் இது. நேத்திலேர்ந்து எல்லாம் இப்டி ஓரத்துக்கு வந்துக்கினே கீது. தீனியும் தொடல."

அதைத் தூக்கிக் காட்டினார். தலை ஓட்டில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி பொட்டுகள். வெள்ளைப்புள்ளி வைரஸ்தான், முடிவும் அதையே சொல்கிறது என்றேன்.

"உள்ள எப்டி பூந்துச்சு?"

அது உடைத்துக்கொண்டு நுழைவதில்லை என்றேன். அதன் மேலுறைப் புரதம், இறாலின் செல் மேலிருக்கும் ஒரு புரதத்தில் பொருந்திக்கொள்கிறது. தனக்கு வேண்டியது ஏதோ வந்திருக்கிறதென்று செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனது உறையைக் கழற்றிவிட்டு, தன் டிஎன்ஏவோடு உட்கருவில் குடியேறுகிறது. பிறகு செல் தனக்காக உழைப்பதில்லை. வைரஸை நகலெடுத்துக்கொண்டே இருக்கிறது. உட்கரு வீங்கி, செல் சிதைந்து, அத்தனை நகல்களும் அடுத்த செல்களுக்குப் போகின்றன. இவ்வளவும் நடக்கும்போது இறால் நீந்திக்கொண்டுதான் இருக்கும்.

"அப்ப இது உயிரோட கீதா, இல்லியா?"

முடிவுத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"கதவ சாத்தத் தெரியாத ஜென்மம்" என்றவர், எதிர்க்கரையில் தங்கையின் குட்டையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, மதகுப் பலகைகளின் இடுக்கில் களிமண்ணைத் தானே அடைத்தார். "வலைல கெடச்ச வரைக்கும் போதும், மேடம். மிச்சம் சாவட்டும். இந்தத் தண்ணி ஓடைக்குப் போனா தங்கச்சி குட்டைக்கும் வந்துரும், அவளுக்கு அது ஒண்ணுதான் கீது." தண்ணீரிலிருக்கும் வைரஸைக் கொல்ல ப்ளீச்சிங் பவுடர் வாங்க ஆள் போனது.

மூன்று மணிக்கு ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஒரு காகம் எழுந்தது. அலகில் இறால், நீள மீசை தொங்க. ஓடையைத் தாண்டிப் பறந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, கத்திக்கொண்டே ஓடினேன். காகம் மிரண்டு அலகைத் திறந்தது. இறால் பாத்திமாவின் குட்டையில் விழுந்தது.

செவ்வாப்பேட்டை வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மதில்மேல் ஒரு காகம் விடாமல் கரைந்தது.

"அப்பத்திலேர்ந்து கத்திக்கினே கீது. ஊட்டுக்கு யாரோ வரப்போறாங்கோ" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா.

நான் குட்டைக்கரைச் சேறு காய்ந்திருந்த செருப்பை வாசலிலேயே கழற்றி, குழாயடியில் வைத்துக் கழுவினேன். பிறகு இன்னொரு முறை கழுவினேன்.