பூக்கேட்டு நிறுத்திய மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெண்ணுக்கு மனசு சரியில்லை என்றால் ஒன்று அது திமிர், இல்லாவிட்டால் செய்வினை. எனக்கு இரண்டும் இருப்பதாக ஊர் முடிவு செய்திருந்தது.

நாலு எருமை, மூன்று ஏக்கர் மரவள்ளி, ஒரு மாமியார். குறையே இல்லாத வாழ்வு. கணவர் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போய் ஊர் ஊராகப் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். ஊரார் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் புண்ணியவான். நான் இங்கே சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் அழுகை வரும். பிறகு அழுகையும் வருவதில்லை. ஒருநாள் தண்ணீர் சேந்தப் போனவள், கிணற்றுக்குள் வேறு நினைப்போடு எட்டிப் பார்த்துவிட்டேன். அன்றே பயந்துபோய் என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து என்னைச் சேலத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்.

மரவள்ளி விளைவிக்கிற வீட்டுக்குப் பொருத்தமாக, ஜவ்வரிசியைவிடச் சற்றே பெரிய மாத்திரையாகக் கொடுத்தார் டாக்டர். "நானாச் சொல்ற வரைக்கும் சாப்பிடணும்மா. திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

முதல் மூன்று வாரம் அது எனக்குச் செய்த உபகாரம் கொஞ்சமல்ல. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயிறு கட்டிக்கொண்டது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. துக்கம் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. இதற்குப் போய் பஸ் ஏறிச் சேலம் வரை அலைந்தோமே என்று நொந்துகொண்டே விழுங்கிவந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, "குழம்புல உப்பே இல்லீங்களே அத்தை" என்று என் வாயிலிருந்து வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு ருசி தெரிந்தது. உப்பில்லாத அந்தக் குழம்பை ஊற்றி இரண்டாம் சோறும் தின்றேன். சந்தோஷமாக இருந்தது.

மாமியாருக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. "குத்தஞ்சொல்ற அளவுக்குத் தெம்பு வந்துருச்சு. இன்னும் என்னத்துக்கு அந்த மாத்தர?" என்றார். பைத்தியத்துக்கு மருந்து தின்கிற மருமகள் என்று சொந்தக்காரர்கள் பேசுவது அவருக்குத் தீராத தலைவலி. என் தலைக்குள் இருப்பதைவிட அதுதான் பெரிய நோய்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதோ பெண் கொடுப்பதோ, எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக்கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் கட்டிச் சாமி காலடியில் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். மாமியார் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு என்னையும் கருப்பனார் கோயிலுக்கு இழுத்துப் போனார். "மாத்தரய நிறுத்தலாமா சாமி?" என்று கேட்டார். வெள்ளை வந்தது. சேலத்து டாக்டர் பெரிய படிப்பெல்லாம் படித்தும் சொல்லத் தெரியாததைக் கருப்பனார் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். மாத்திரைகள் அன்றே குப்பைக்குழிக்குப் போயின.

மூன்றாம் நாள் வியர்வை ஆறாக ஓடியது. தலையைத் திருப்பினால் ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டது போல உள்ளே வெட்டியது. தூக்கம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நாலாம் நாள் காலையில் வாந்தி எடுத்தேன். மாமியார் முகம் மலர்ந்தது. "நாள் தள்ளிப் போச்சா அம்மிணி?" என்றார். பக்கத்துத் தோட்டத்து அம்மா வெல்லத்தோடு ஓடி வந்தார். பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, என் கணவர் ஆந்திரா போய் ஐந்து மாதம் ஆகிறது. வெல்லம் வந்த வழியே திரும்பிப் போனது.

இதையெல்லாம் இப்போது சொல்லிச் சிரிக்கலாம். அடுத்த வாரம் நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. மறுபடியும் குழம்பு ருசிக்கவில்லை. மறுபடியும் நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். இம்முறை உடனே திரும்பி வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தலை நிமிர்ந்தபோது, எருமைக்குச் சோளத்தட்டுப் போட வந்த மாமியார் தட்டுக்கட்டோடு அப்படியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் பூக்கேக்கலாமுங்க அத்தை" என்றேன்.

"சாமி குடுத்த வாக்கயே திருப்பிக் கேக்கறதா?"

"அன்னைக்கு நிறுத்தலாமான்னு கேட்டோமுங்க. இன்னைக்கு ஆரம்பிக்கலாமான்னு கேக்கறோம். அது வேற, இது வேறங்க."

இந்த முறை பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் வெள்ளரளி வைத்துக் கட்டினேன். கருப்பனார் அரிவாள் வைத்திருக்கிற சாமி, கோபித்தால் என்ன செய்வார் என்று தெரியும். அந்தக் கிணறு என்ன செய்யும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தது. ஆச்சரியம்தான். மற்றதைப் பிரிக்கிற வழக்கமில்லை, அப்படியே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மாமியார் குனிந்து அதை எடுத்துப் பிரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், இலையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"கருப்பன் சொல்லிட்டான். நாளைக்குக் காத்தால மொத பஸ்ஸுக்குச் சேலம் போலாம்" என்றார்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் திட்டினார். கருப்பனார் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்க வழியில்லை. ஒன்றரை வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு, அவராகவே குறைக்கச் சொன்னார். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் அரை மாத்திரை குறைக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் அவ்வளவு சின்னதை வெட்டுகிற ஒரே கருவி மாமியாரின் பாக்குவெட்டி. அவர் வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கினார்.

நறுக்கிவிட்டு, தலை நிமிராமலே சொன்னார்.

"மொதத் தடவ நான் கட்டுனதும் ரெண்டும் வெள்ளதான் அம்மிணி."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாக்குவெட்டியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அதற்குள் அவர் அதைக் கீழே வைத்துவிட்டுத் துண்டுகள் மேல் குனிந்தார். மாத்திரை சரிபாதியாக உடைந்திருக்கவில்லை. இரண்டு துண்டையும் விரலால் தடவிப் பார்த்துப் பெரியதை என் பக்கம் தள்ளினார்.