ஆட்காட்டி கத்தினால்

சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னார். அதனால் மர்ளியா அஸர் தொழுதுவிட்டு, பக்கத்து வீட்டு ஆதிலாவோடு உப்பளத்துப் பக்கம் நடக்கப் போவாள். ஆவாரம் பூவையும் வந்திறங்கிய பூநாரைகளையும் ஆதிலா காட்டுவாள். மர்ளியா பார்த்த மாதிரித் தலையாட்டுவாள். காது மட்டும் ஆட்காட்டிக் குருவியிடம் இருக்கும்.

ஆள் நடமாட்டம் கண்டால் ஊரைக் கூட்டுகிற குருவி அது. மன்னாரில், சண்டைக் காலத்தில், அது கத்தினால் வாப்பா விளக்கை அணைத்துவிடுவார். தொண்ணூறில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். உடுத்த துணியோடு புத்தளம் வந்தார்கள். இப்போது சண்டையும் முடிந்து, மர்ளியா பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. ஆனாலும் அது கத்தினால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அடுத்த அடி வைக்கமாட்டாள்.

அன்றைக்கு அது தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. மர்ளியா முன்னும் பின்னும் பார்த்தாள். வரம்பு நெடுக ஒருவரும் இல்லை.

"யாரோ வாராங்க புள்ள."

"ஒருத்தரும் இல்ல ராத்தா. அது உங்களப் பாத்துத்தான் கத்துது. கால அசைக்காதீங்க."

செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, வெறுந்தரையில் கல்லைப் போல நாலு முட்டைகள் கிடந்தன. குருவி முகத்துக்கு நேரே பாய்ந்தது. விலகிப் போகிற எண்ணமே அதற்கு இல்லை.

மர்ளியா மெல்லப் பின்வாங்கினாள். றோட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தச் சின்னக் குருவி என்ன கத்துக் கத்துது," என்றாள் பிறகு. "எங்களப் போகச் சொன்னப்ப, நாங்க ஒருத்தரும் வாய் தொறக்கல்ல."