ஆறு நாற்பது பஸ்ஸில் ஒரு சீட்டு

இரண்டாம் வகுப்புப் படித்த வருடம், சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் சில வாரங்கள் நான் துண்டாக இருந்தேன்.

விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் பேருந்து வந்து நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாக உள்ளே ஒரு துண்டு விழும். துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருடையது. அவர் கூட்டத்தோடு கூட்டமாக மெதுவாக ஏறி வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். துண்டு இல்லாதவர்கள் கைக்குட்டை, மஞ்சள் பை, மடித்த செய்தித்தாள் ஆகியவற்றைப் போடுவார்கள். ஒருவர் ஒற்றைச் செருப்பைப் போட்டு இடம் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். எந்த அரசாணையிலும் இல்லாத இந்த உரிமையை ஊரில் அநேகமாக எல்லாரும் மதித்தார்கள். துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு உடம்பில் பலம் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் திருநெல்வேலிக்குப் புறப்படும் பேருந்தில் அம்மாவுக்கு ஓர் இருக்கை வேண்டும். அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வாரம் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய் மருத்துவமனையில் உடற்பயிற்சி செய்துவிட்டு வர வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயணமோ ஒன்றரை மணி நேரம். ஊரில் ரயில் உண்டு, ஆனால் அது திருநெல்வேலிக்கு நேராகப் போகாது. வாரா வாரம் வாடகைக் கார் பிடிக்கும் வசதி எங்களுக்கு இல்லை. விசைத்தறியில் இரவு வேலை பார்த்த அப்பா ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். இதெல்லாம் பின்னாளில் எனக்கு விளங்கியவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா திங்கட்கிழமைதோறும் திருநெல்வேலிக்குப் போகிறாள், சாயங்காலம் எனக்கு அல்வா வருகிறது என்பதுதான்.

அம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிடுவது அவளுடைய தம்பியின் பொறுப்பு. மாமா ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்தினார். பள்ளி மணி அடித்த பிறகும் நடத்திக்கொண்டே இருந்தார் என்பதுதான் எங்கள் வீட்டின் புகார். நகராட்சி ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் விடுவதால்தான் தண்ணீர் வீணாகிறது என்பார். நாளைக்கு வராது என்ற பயத்தில் எல்லாரும் இரண்டு நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள், புதுத் தண்ணீர் வந்ததும் பழையதைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள் என்று அதற்குக் கணக்குச் சொல்வார். பழைய தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்த அம்மா, "வந்து ஒரு கை பிடில, பெறவு கணக்குச் சொல்லலாம்" என்பாள்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் எதை வாங்கி வந்தாலும், எதைச் செய்து முடித்தாலும், "அதுக்கு எதை விட்ட?" என்று கேட்பார். ஐஸ் வாங்கினால் கேட்பார். அப்பா ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போய்வந்தால் கேட்பார். "தூக்கத்த விட்டேன் மாப்ள" என்று அப்பா கொட்டாவியோடு பதில் சொல்வார். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும், விட்டதுதான் அதன் உண்மையான விலை என்பது மாமாவின் சித்தாந்தம்.

முதல் இரண்டு திங்கட்கிழமைகள் மாமாவும் துண்டுதான் போட்டார். இரண்டு முறையும் துண்டு தரையில் கிடந்தது. இருக்கையில் பூ மார்க்கெட் அண்ணாச்சி கிடந்தார். சங்கரன்கோவில் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்த அவர் பெருத்த உடம்புக்காரர். எப்போதும் பிச்சிப்பூ வாசனையோடு வருவார். "துண்டு பறந்துட்டு சார்வாள், காத்து அப்படி" என்றார். பேருந்து அப்போது நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது திங்கட்கிழமை அம்மா பாதி வழிக்கும் மேல், மானூர் வரை நின்றுகொண்டே போனாள். அந்த வாரம் முழுக்கப் படுத்தே இருந்தாள்.

மூன்றாவது திங்கட்கிழமை மாமா என்னையும் எழுப்பிக் கூட்டிப் போனார். பேருந்து வளைந்து வந்து நிற்கவும், என்னை அலாக்காகத் தூக்கிச் சன்னல் வழியாக உள்ளே விட்டார். "படுத்துக்க ஏட்டி! யாரு சொன்னாலும் எந்திக்காத" என்று வெளியிலிருந்து சத்தம் போட்டார். நான் படுத்துக்கொண்டேன். அண்ணாச்சி வந்து மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்தார். துண்டை எறியலாம், பிள்ளையை எறிய முடியாது. அவர் அடுத்த வரிசைக்குப் போனார். அம்மா நிதானமாக ஏறி வந்து உட்கார்ந்தாள். நான் படி வழியாக இறங்கி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தேன். அந்த வயதில் யாருக்கும் வாய்க்காத பதவி அது.

நான்கு வாரம் ஓடியது. ஐந்தாவது வாரம் இன்னொரு பிள்ளை சன்னல் வழியாக வந்தது. ஏழாவது வாரத்தில் எட்டுப் பேர். சரக்கு மலிந்தால் மதிப்பு இறங்கும் என்று மாமா வகுப்பில் சொன்னது பேருந்திலேயே நடந்தது. ஒரு பிள்ளையின் மேல் இன்னொரு பிள்ளை வந்து விழுந்தது. என் காலை ஒரு பையன் கடித்தான். பூ மார்க்கெட் அண்ணாச்சியே தன் பேரனைத் தூக்கி வந்தார். அவர்தான் அவசரத்தில் பக்கத்தில் நின்ற ராஜபாளையம் பஸ்ஸின் சன்னலில் அவனை விட்டுவிட்டார். திரும்பிப் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. கரிவலம்வந்தநல்லூரில் அந்தக் கண்டக்டர் பையனை இறக்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு பேரன் சந்தோஷமாகத்தான் வந்து இறங்கினான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அண்ணாச்சி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுததை எல்லாரும் பார்த்தார்கள்.

"எல்லாம் இந்த சார்வாள் கண்டுபிடிச்ச வித்த வே" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாமா அதை மறுக்கவில்லை. அன்று இரவு ஒரு முழுத்தாளை எடுத்து உட்கார்ந்தார். துண்டு என்றால் கைப்பலம் உள்ளவனுக்கு இடம், பிள்ளை என்றால் பிள்ளை உள்ளவனுக்கு இடம், இரண்டும் நியாயமில்லை, வரிசை ஒன்றே நியாயம் என்று அம்மாவிடம் விளக்கினார். மூன்று விதிகள் எழுதினார். முதலில் வந்தவர் முதலில் ஏற வேண்டும். ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும். மூன்றாவதுதான் அவருக்குப் பெருமை: ஒருவர் மற்றவருக்காக இடம் பிடிக்கக் கூடாது, துண்டு, பை, குழந்தை எதுவும் செல்லாது.

"ஒரு சீட்டுக்கு ஒரு சட்டசபையால?" என்று அம்மா சிரித்தாள். பிறகு, "முடியாதவங்களுக்குன்னு ஒரு வரி எழுதேன்" என்றாள்.

"வேண்டாங்கா. அப்படி ஒண்ணு வச்சா மறுநாளே ஊருக்கே முதுகு வலிக்கும்."

அந்தத் தாளில் பயணிகளின் கையெழுத்துகள் விழுந்தன. பேருந்து நிலைய டைம் கீப்பர் சம்மதித்தார். அவருக்கு இன்னொரு பிள்ளை ராஜபாளையம் போவதில் விருப்பமில்லை. வரிசை கட்டக் கயிறு கொடுத்தவர் பூ மார்க்கெட் அண்ணாச்சி. பூ மூட்டை கட்டுகிற கயிறு.

வரிசை வந்த திங்கட்கிழமை, மாமா ஐந்து மணிக்கே போய் முதல் ஆளாக நின்றார். பள்ளிக்குப் போகும் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும் முதல் பாடவேளையும் அவருடையவை. அம்மாவும் நானும் ஆறரைக்குப் போனோம். அம்மாவின் கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை இருந்தது. அதைத் தொடக் கூடாது என்பதால், அது பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். கயிற்றுக்குள் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள்.

மாமா ஒதுங்கி, "இங்கன வாக்கா" என்றார்.

"சார்வாள்!" அண்ணாச்சியின் குரல் இரண்டாவது இடத்திலிருந்து வந்தது. "மூணாவது சட்டம்!"

சிரிப்பு எழுந்தது. மாமாவும் சிரித்தார். அப்போது கயிற்றின் கடைசியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தலையில் சும்மாடும் கையில் கூடையுமாகக் குருவிகுளம் பஸ்ஸிலிருந்து சற்று முன்பு இறங்கியவள். அவள் சிரிக்கவில்லை.

"எங்கூரு பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான் வருது. நாங்க தலகீழா நின்னாலும் கடைசிதான். நின்னுக்கிட்டேதான் போணும். சட்டம்னு சொன்னிய, சரின்னோம். இப்ப வாத்தியாரு அக்காளுக்கு ஒரு சட்டமாக்கும்?"

வரிசை என்பது, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் வீடு உள்ளவர்களுக்கு வசதியான நியாயம் என்று மாமாவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. இப்போது எந்தப் புதுத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும், இதில் குருவிகுளத்து அம்மாள் எந்த இடத்தில் நிற்பாள் என்று பார்க்கத் தோன்றுகிறது.

"அவ சொல்லுதது சரிதாம்ல" என்றாள் அம்மா. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியை நோக்கி நடந்தாள். மாமா தன் இடத்தில் திரும்பி நின்றார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

பேருந்து வந்தது. முதல் ஆளாக ஏறிய மாமா மூன்றாவது வரிசையில் சன்னல் ஓரம் உட்கார்ந்தார். இருக்கைகள் நிறைந்தன. கடைசி ஆட்களில் ஒருத்தியாக, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அம்மா ஏறினாள். மாமா எழுந்தார்.

"உக்காருக்கா."

"இது செல்லாது வே" என்றார் அண்ணாச்சி. "நீரு எறங்கிப் போயிருவேரு. இடம் பிடிச்சதுதானே இது?"

மாமா சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு சாக்பீஸ் துண்டு வந்தது. அதைத் திரும்பப் போட்டுவிட்டுப் பணத்தை எடுத்தார். "எறங்கல அண்ணாச்சி. நானும் வாரேன். கண்டக்டர், திருநெல்வேலி ரெண்டு."

அண்ணாச்சி குருவிகுளத்துக்காரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். "அவரு சீட்டு, அவரு குடுக்காரு" என்றாள்.

நான் சன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். "ஏட்டி, நேரா வீட்டுக்குப் போ. அப்பா வருவாரு" என்று மாமா கத்தினார். அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா கேட்காததுபோல மேல்கம்பியைப் பிடித்து நின்றார். பேருந்து போய்விட்டது. முதல்முறையாகத் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாமா ஐந்து மணிக்கு வரிசையில் நின்று, இடத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, திருநெல்வேலி வரை நின்றுகொண்டே போனார். சில வாரங்களில் அண்ணாச்சி தன் பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு, "சார்வாள், இதுல கால் சீட்டு இருக்கு, உம்ம ஒடம்புக்கு அது போதும்" என்று கூப்பிட ஆரம்பித்தாராம். மாமா அந்தக் கால் சீட்டையும் ஒருநாள் குருவிகுளத்துக்காரிக்குக் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள்.

எனக்கு மாமா மேல் வருத்தம். என் பதவி போனது ஒன்று. அதைவிட, அவருடைய கணக்கு தப்பாக இருந்தது இன்னொன்று. "ரெண்டு டிக்கெட்டு, ஒரு சீட்டு. நட்டம்லா மாமா?" என்று கேட்டேன்.

"நட்டந்தான் மக்கா" என்று ஒப்புக்கொண்டார். பொருளாதார வாத்தியார் இவ்வளவு சுலபமாகத் தோற்றதை வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மாமா பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். 'சரிப்பட்டு வரல' என்றது ஒரு குரல். 'திங்கக்கிழம தோறும் இப்படின்னா எந்தப் பள்ளிக்கூடத்துல வச்சிருப்பான்' என்றது இன்னொன்று. அம்மா அன்று அடுப்படியிலிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. புகை என்று சொன்னாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

எனக்கோ கொண்டாட்டம். நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்தால் மாமா வீட்டில் இருந்தார். தாயம் விளையாட ஆள் கிடைத்தது. வாசலில் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்தது, நானும் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவும் மெல்ல மெல்ல நிமிர்ந்து நடந்தாள். ஒருநாள் தானே குனிந்து கோலம் போட்டாள். மாமா தெருவில் நின்று அந்தக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்க அன்று சாயங்காலம் தாயம் ஆடும்போது எனக்குத் தோன்றியது.

"அம்மாவுக்கு சீட்டு வாங்கிக் குடுத்தீங்கள்லா? அதுக்கு எதை விட்டீங்க மாமா?"

மாமா தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டினார்.

"ஒண்ணும் விடலட்டி" என்றார். "ஒன் ஆட்டம். போடு."

நம்பினேன். அம்மாவுக்குச் சீட்டு கிடைத்தது, எனக்கு மாமா கிடைத்தார், யாரும் எதையும் விடவில்லை. அந்தக் கணக்கில் அன்று எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.