கிள்ளான் லோரியின் உரிமையாளர்

அரசாங்க ஊழியர் தம் பெயரிலோ, தம்மைச் சார்ந்தவர் பெயரிலோ, மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி வியாபாரம் நடத்தக் கூடாது. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் கிராணிகளுக்கு, அதாவது குமாஸ்தாக்களுக்கு, இந்த விதியை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலைகளில் ஒன்று. நிறுத்தி, தெளிவாக வாசிப்பேன். அப்படி வாசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே எனக்கு ஒரு லோரி ஓடிக்கொண்டிருந்தது.

லோரி என் மாமனார் பெயரில் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் புகையிலை பயிரிட்டு வந்தார். மலாயாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தமக்கு ஒரு லோரி இருப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. விண்ணப்பத்தில் அவர் கையெழுத்தை நான் போட்டேன். அதைச் சரிபார்த்துப் பதிவு செய்ததும் நான்தான். வாகன லைசென்ஸ் பிரிவில் அதுதானே என் உத்தியோகம்.

லாபம் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நஷ்டப்பட்டவன் வெட்கப்படுவதில் ஒரு கௌரவமாவது இருக்கும். ரயிலில் சரக்கு அனுப்பினால் கடையிலிருந்து நிலையத்துக்கு ஒரு மாட்டுவண்டி, அங்கே ஏற்ற ஆள், இறக்க ஆள், மறுபடி ஒரு மாட்டுவண்டி. நாலு கை மாறுவதற்குள் மூட்டை கிழிந்துவிடும். எங்கள் லோரி கடைவாசலில் ஏற்றிக் கடைவாசலில் இறக்கியது. போகும்போது மஸ்ஜித் இந்தியா பக்கத்திலிருந்து துணிக்கட்டுகள், வழியில் சுங்கை வேயில் ரப்பர் ஷீட்டுகள். திரும்பும்போது துறைமுகத்தில் இறங்கிய அரிசியும் வெங்காயமும் கருவாடும். ஒரு நடையிலும் வண்டி காலியாகத் திரும்பியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எந்த நாளில் எந்தச் சாலையில் வண்டிகளை மறித்துப் பார்ப்பது என்ற வாரப்பட்டியல் எங்கள் பிரிவில்தான் தட்டச்சாகும். தட்டியவன் நான்.

லோரி ஓட்டியவர் கிள்ளான்காரர். தோட்டத்தில் பிறந்து, பொதுப்பணியில் கல் உடைத்து, பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வேலைக்குப் போகுமுன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பிக்கடையில் அவரைச் சந்தித்து அன்றைய சரக்கைச் சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் நாங்கள் அந்நியர்கள்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் மொத்த வியாபாரி ஒருவர் அரிசி மூட்டைகளைக் கூடுதலாக ஏற்றச் சொன்னார். நான் சரி என்றேன். காப்பியை ஆற்றிக்கொண்டே ஓட்டுநர் சொன்னார்:

"வேணாங்க கிராணி ஐயா. ஸ்பிரிங் பட்டை தாங்காது. நாளைக்கு இன்னொரு நடை அடிச்சுக் குடுத்திடுறேன்."

கிள்ளான் சாலையில் அன்று யாரும் நிற்க மாட்டார்கள், ஏற்று என்றேன். பட்டியலை நானே தட்டியிருந்தேன் அல்லவா? நான் தட்டி முடித்த பிறகு மேலதிகாரி பென்சிலால் இரண்டு நாள்களை மாற்றியிருந்தார். திருத்திய பிரதி என் மேசை வழியாக வரவில்லை. கிள்ளான் சாலையில் பத்து தீகா என்ற ஊரருகே வண்டியை மறித்தார்கள். ஸ்பிரிங் பட்டை ஏற்கெனவே ஒடிந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்துகொண்டிருந்ததாம்.

யார் ஏற்றச் சொன்னது என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். தானே ஏற்றியதாக அவர் சொன்னார். அபராதம் போட்டார்கள், அது பெரிதில்லை. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவருக்கு வேறு தொழில் கிடையாது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

லைசென்ஸைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். அவருக்காக நானே எழுதினேன், நல்ல ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். அவர் கைநாட்டு வைத்துத் தபாலில் போட்டார். மறுநாள் அது என் மேசைக்கு வந்தது. எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினேன்.

மனு மேலே போகும்போது வண்டி உரிமையாளரின் வாக்குமூலமும் கூடவே போக வேண்டும் என்பது நடைமுறை. பல சிப்பந்திகள் அதை விட்டுவிடுவார்கள், ஒருவரும் கேட்பதில்லை. நான் விடவில்லை. உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்று மேலே ஒரு கேள்வி எழுந்தால் என் ஓய்வூதியம் போய்விடும். அதனால் கோப்பின் மேல் "உரிமையாளர் வாக்குமூலம் எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதி அலமாரியில் வைத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யாரும் குறை காண முடியாது. அந்த வாக்குமூலத்தை எழுத வேண்டியவன் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவர் வாரத்துக்கு ஒருமுறை கிள்ளானிலிருந்து வந்து வரிசையில் நிற்பார். முறை வந்ததும் என்னை முன்பின் தெரியாதவர்போலக் கேட்பார்.

"ஐயா, என் மனு என்ன ஆச்சுங்க?"

"உரிமையாளர் வாக்குமூலம் இன்னும் வரவில்லை. வந்ததும் மேலே போகும்."

"அவரு எப்பங்க குடுப்பாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் பியூன் ஒரு வாயாடி. ஒருநாள் அவன் அவரைப் பார்த்து, "அண்ணே, உங்க முதலாளி எந்த ஆத்துல முழுகிட்டாரு லா? வலை போட்டுத்தான் தேடணும்" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைக்கும்போது காது சூடாகிறது.

லோரி நிற்கவில்லை. புதுப் பட்டை போட்டு வேறொருவர் ஓட்டினார். அந்த மாதங்களில்தான் இரண்டாவது லோரியும் வாங்கினேன்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் அவர் வந்தபோது உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. மறுபடி கல் உடைக்கப் போயிருந்தார், அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைத்தது. இந்தியாவுக்கு, ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களை அரசாங்கம் இலவசமாகக் கப்பலேற்றுகிறது, பெயர் கொடுத்துவிட்டேன், லைசென்ஸ் கிடைத்தால் பெயரை எடுத்துவிடுவேன் என்றார். அவர் பிறந்தது இங்கே. மனைவியும் அப்படியே. ஊர் என்றால் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பின்னால் ஆள் இல்லாததைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, முதல்முறையாக அலுவலகத்துக்குள் என்னைத் தெரிந்தவராகப் பேசினார்.

"கிராணி ஐயா, அந்த முதலாளியப் பாத்தா சொல்லுங்க. கோர்ட்டுலயே நான் பேரு சொல்லல. இனியா சொல்லப் போறேன்? பயப்படாம ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பார்த்தால் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதிலையும் சொன்னவன் நான்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பாவின்ர கையெழுத்துத்தானே? காசு வாற கடதாசி எல்லாத்திலயும் நீங்கள்தானே போடுறியள். அந்த மனுசனுக்குப் போடேக்க மட்டும் கை கூசுதோ?"

மறுநாள் வாக்குமூலத்தை எழுதினேன். கூடுதல் சரக்கை ஏற்றச் சொன்னது நானே, ஓட்டுநர் மறுத்தும் வற்புறுத்தினேன் என்று மூன்று வரி. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உண்மையான அலுவலகக் காகிதத்தின் அடியில் மாமனார் பெயரைப் போட்டேன். கோப்பு மேலே போனது. மேலதிகாரி விடுப்பில் இருந்தார். பதிலாக வந்தவர் எதையும் அவசரமாகப் பார்க்கும் வழக்கமில்லாதவர். அவரிடம் போய் நினைவூட்ட எனக்கு உரிமை இருந்தது. நினைவூட்டினால் கோப்பில் எனக்கென்ன அக்கறை என்று கேட்பாரோ என்று பேசாமல் இருந்தேன்.

பதில் நாலு வரி. ஆட்சேபணை இல்லை, லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கலாம், மனுதாரர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். உரிமையாளரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்த அடையாளமே இல்லை.

அரைநாள் விடுப்புப் போட்டு, என் லோரியிலேயே முன்னால் ஏறி உட்கார்ந்து கிள்ளானுக்குப் போனேன். அவர் குடியிருந்த வீட்டில் சீனக் குடும்பம் ஒன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் என் கையிலிருந்த உறையைப் பார்த்து, முக்கியமான காகிதமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அவர்கள் கப்பலேறியது ஜூலை ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. பதில் என் மேசைக்கு வந்தது பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை.