பேனரில் இடம் பத்தல

சிறப்புக் குழந்தைகளின் மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தால், வேனை எந்தெந்த வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது என்பதுதான் முதல் பாடம். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஹாரன்

களமருதூரில் பவித்ராவை ஏற்றுவோம். நான்கு வயது. கால்கள் விறைத்திருக்கும், பிடித்துக்கொள்ளாவிட்டால் உட்கார முடியாது. அவள் அம்மா செல்வி களையெடுக்கப் போகிறவர். முந்தானையால் குழந்தையை மூடித் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிவரை நடந்து வருவார். ஒரு மழை நாளில் டிரைவர் இரக்கப்பட்டு வீட்டு வாசலிலேயே ஹாரன் அடித்துவிட்டார். செல்வி பதறி ஓடிவந்தார்.

“இன்னா டீச்சர் இது? எங்க நாத்தனாரப் பொண்ணு பாக்க வந்துகினு கீறாங்க. இப்பப் போயி வூட்டாண்ட வேன நிறுத்துறீங்களே!”

பேனர்

பவித்ராவின் தம்பிக்குக் காதுகுத்து. எங்களையும் அழைத்திருந்தார்கள். தெருமுனை பேனரில் தம்பி கிரீடத்தோடு சிரித்தான். தாய்மாமன்கள், அவர்களுடைய நண்பர்கள், பெரிய மாமனின் புது பைக் எல்லாம் இருந்தன. பவித்ரா இல்லை. பந்தியில் அப்பளம் வைக்க வந்த அவள் அப்பா முருகனிடம் கேட்டேன். அவர் என் இலையைப் பார்த்தபடி சொன்னார்:

“இடம் பத்தல டீச்சர்.”

நாற்காலி

அந்தப் பதிலை நான் பள்ளியில் சொல்லாத ஆள் இல்லை. இதற்கிடையே பவித்ராவை மூலை நாற்காலி எனும் சிறப்பு இருக்கையில் பழக்கினோம். இரு பக்கமும் பலகை தாங்கிக்கொள்ளும். ஆடி முழுக்கச் சரிந்தவள் ஆவணியில் நிமிர்ந்தாள். முருகனை வரவழைத்துக் காட்டினோம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எம்மாடி, கலெக்டராட்டம் குந்திகினு கீறா! நாளைலேர்ந்து வேன் வூட்டாண்டயே வரட்டுங்க. ஹாரன நல்லா அடிக்கச் சொல்லுங்க.”

படம்

கள்ளக்குறிச்சியிலிருந்து நன்கொடையாளர்கள் வந்தார்கள், கூடவே பத்திரிகைக்காரரும். பெற்றோரையும் அழைத்திருந்தோம். பவித்ராவின் நாற்காலி மற்றவர்களை மறைக்கிறது என்றார் படமெடுப்பவர். அது இல்லாவிட்டால் பவித்ரா சரிந்துவிடுவாள்; எச்சில் வேறு ஒழுகும். படம் முடியும்வரை அவளைச் சமையலறையில் வைத்திருக்கும்படி உதவியாளரிடம் சொன்னது நான்தான்.

செல்வியும் முருகனும் நுழைந்தபோது நாங்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். முருகன் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். உள்ளே போய் மகளைத் தூக்கிவந்தார். செல்வி பழையபடி முந்தானையை இழுத்து அவளை மூடினார். முருகன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இங்கயும் இடம் பத்தலயா டீச்சர்?”

மறுநாள் பேப்பரில் படம் நன்றாகவே வந்திருந்தது, எல்லாப் பிள்ளைகளும் நேராக உட்கார்ந்திருந்தார்கள், களமருதூரில் பவித்ராவின் வீட்டு வாசல்வரை போய் ஹாரன் அடித்த வேன் மட்டும் அவள் இல்லாமல் திரும்பியது.