தண்டவாளத்தில் இரண்டு தட்டு

காளப்பநாயக்கன்பட்டி ரோட்டில் இன்றைக்கு எனக்கு மூன்று மர மில். மூன்றுக்கும் நான் ஒருவனே முதலாளி, பங்காளி என்று எவனும் கிடையாது. அஞ்சாங்கிளாசோடு படிப்பை விட்டவன்தான். ஆனால் மரத்தில் காதை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே பொந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு காது வேறு யாருக்கும் இல்லை. அது மலைமேல், எங்கள் பழைய மில்லில் பழகிய காது.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய மில் அது. மேலே சில்வர் ஓக் தோட்டம், இரண்டு வளைவு கீழே மில். நடுவில் தண்டவாளம் போட்டு டிராம் விட்டிருந்தார்கள். டிராம் என்று பேர்தான் பெரிது. நாலு இரும்புச் சக்கரத்தின்மேல் ஒரு பலகை. மரம் ஏற்றியதும் சித்தப்பா மேலே தண்டவாளத்தில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். பாதையில் ஆள், மாடு இல்லையென்றால் அப்பா கீழே ஒரு தட்டு. அப்புறம்தான் வண்டி இறங்கும். கீழே தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்டு அப்பாவிடம் சொல்வது என் வேலை. காலி வண்டியை எருமை மேலே இழுக்கும்போது சித்தப்பா என்னைத் தூக்கி உட்காரவைப்பார். பக்கத்தில் வேறு வீடு கிடையாது. கல்யாணம் ஆகாத சித்தப்பா ஒருவர்தான் எனக்கு விளையாட்டுத் துணை.

பிறகு பாகம் பிரித்தார்கள். தோட்டம் சித்தப்பாவுக்கு, மில் அப்பாவுக்கு. நடுவில் கிடந்த தண்டவாளம் யாருக்கு என்பதில் வாய் முற்றி, அண்ணன் தம்பி பேச்சு நின்றது. டிராமும் நின்றது. மரம் வேறு தோட்டத்திலிருந்து லாரியில் வந்தது.

நான் மட்டும் போய்க் காது வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் சாயங்காலம் கேட்டது. இரண்டு தட்டு.

“அப்பா, சித்தப்பா தட்டறாருங்க. மரம் ஏத்திட்டாராட்டம் இருக்குது.”

“மரங்கொத்தியா இருக்கும். போய்ச் சோத்தத் தின்னு சாமி.”

அந்த மரங்கொத்தி மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து இரும்பைக் கொத்தியது. அதற்கடுத்த நாளும்.

அப்புறம் ஒருநாள், ஆட்கள் போய் இன்ஜின் அடங்கியதும், அப்பா சுத்தியலோடு தண்டவாளத்துப் பக்கம் போய்க் குத்தவைத்தார். மேலிருந்து இரண்டு தட்டு வந்தது. அப்பா ஒன்று தட்டினார்.

எனக்கு அது போதாதா? நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு முதல் வளைவுக்கு ஓடினேன். பனி இறங்கியது. வண்டி வரவில்லை. என்னைத் தேடிக்கொண்டு அப்பாதான் வந்தார்.

“ஒண்ணு தட்டுனீங்களே, வண்டியக் காணமுங்களே.”

“வண்டி வரும்னு ஆரு சொன்னா?”

இன்னும் ஒரு வளைவு ஏறினால் சித்தப்பா வீடு. போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா அசையவில்லை. அப்போது மறுபடியும் தட்டு. அப்பா மண்டிபோட்டுத் தண்டவாளத்தில் காதை வைத்தார்.

“சித்தப்பாதானுங்க” என்றேன்.

“கம்முனு இரு கண்ணு.”

வெறுங்காலிலேயே எனக்கு அந்த அதிர்வு தெரிந்தது. அதற்குக் காதே வேண்டாம். அப்பாவோ சத்தம் நின்ற பிறகும் தலையை எடுக்கவில்லை. பாவம், அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.